மெம்பரின் வெள்ளைச் சட்டை

காலையில் இவரோடு சண்டை, ஒரு வெள்ளைச் சட்டைக்காக. அகதி விசாரணைக்கென்றே நான் வாங்கி அயன் பண்ணி வைத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பழைய கட்டம்போட்ட சட்டையைத் தேடினார்.

"இஞ்சருங்கோ, மூண்டு வருசமாக் காத்திருந்த நாள். இண்டைக்குமோ உங்கட பிடிவாதம்?" என்று கத்தினேன். வெள்ளையையே போட்டுக்கொண்டார். எங்கள் டோர்செட் பார்க் வீட்டிலிருந்து விசாரணை நடக்கும் டவுன்ரவுன் வரும்வரை காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

இவர், அன்புராசா, வன்னியில் நூற்றுச் சொச்சம் மாடு வைத்திருந்தவர். தொலைந்த மாட்டைத் தேடி ஊர் ஊராக நடந்ததில் எல்லாரையும் தெரியும். மாடு பயிரை மேய்ந்த வழக்கெல்லாம் இவர் சொல்லோடு தீரும். அதனால்தான் சனம் இவரைப் பிடித்து மாகாணசபைத் தேர்தலில் நிறுத்தி மெம்பராக்கியது. மெம்பரான பிறகும் பால் கறந்துவிட்டுத்தான் சபைக்கு வெளிக்கிடுவார். பதினாலு மாதம். சபை கலைந்ததும் துவக்கோடு ஆட்கள் மெம்பர்மாரைத் தேடித்தேடிச் சுடத் தொடங்கினார்கள்.

விண்ணப்பம் நிரப்பித் தந்த ஸ்ரீஸ்கந்தராசா அண்ணைக்கு இந்தக் கதை வேண்டாமாம். "மாடு மேய்ச்சவர், ஆமி பிடிச்சு அடிச்சது எண்டு எழுதுவம். அரசியல் எண்டால் தோண்டித் துருவுவினம்." எழுதியதை மாற்றிச் சொன்னால் கேஸ் போச்சு என்பது ஸ்காபரோத் தமிழர் எல்லாருக்கும் தெரியும். திருப்பி அனுப்பினால் இவரை உயிரோடு விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

யன்னல் இல்லாத அறை. விசாரித்த பெண் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "ஊரில நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

வீட்டில் எத்தனையோ தரம் பாடமாக்கிய பதில். மேசைக்குக் கீழே இவர் காலை மிதித்தேன்.

"முந்தியும் ஒருக்கா என்னட்டை விசாரிச்சவங்கள்," என்றார். "வாசல் படலையில துவக்கோட நிண்டு, மெம்பர் ஆரெண்டு. நான் சாணி அள்ளிக்கொண்டு நிண்டன். நான் மாடு மேய்க்கிறவன் எண்டு சொன்னன். என்னட்டை வேலைக்கிருந்த யேசுரட்ணம் உள்ளுக்கு நிண்டவன். நான் சபைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை அவனுக்குக் குடுத்திருந்தன். அவங்கள் சட்டையைத்தான் பாத்தவங்கள்."

யேசுரட்ணம் குறுக்கே வந்த வெடிபட்டுச் செத்தான் என்றுதான் இவர் எனக்குச் சொல்லியிருந்தார். அவன் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அதையே சொல்லி அழுதேன்.

"இன்னொருக்கா மாடு மேய்க்கிறவன் எண்டு சொல்ல என்னால ஏலாது. நான்தான் மெம்பர்."

எங்கள் வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. இவர் முகத்தைப் பார்த்தே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு இவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. மொழிபெயர்ப்பாளர் இன்னும் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை. இவர் குனிந்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.