டார்லிங்டன் கிதார்

பொன்னாத்தாள் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நெசவாளி வீட்டு ராட்டைதான். அதில் ஏறுவது மட்டும் நூல் இல்லை, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. பருத்தி நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஒப்பேற்றலாம். இது அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் வேலை நடக்கும்போது அவள் மூச்சைக்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் விடுவாள்.

மாட்டுக்கும் பாலுக்கும் பேர்போன மீனாட்சிபுரத்தில் கிதார் செய்கிறார்கள் என்றால் பொள்ளாச்சிக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். புண்ணாக்குக் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதுதான் மொய்தீன் ராவுத்தரின் கம்பெனி. மரவேலைக்குச் செங்கோட்டையன், தந்தியின் அதிர்வைப் பிடித்து ரேடியோவுக்கு அனுப்பும் கம்பிச்சுருளுக்குப் பொன்னாத்தாள், ஆள்கணக்கு அவ்வளவுதான். ஆனால் பாலக்காட்டில் ராவுத்தர் கடைக்குப் போய்க் கேட்டால் மூன்று ஃபேக்டரிச் சரக்கு எடுத்து வைப்பார். மயில், உள்ளூர். ராயல், பம்பாய். டார்லிங்டன், நேரே இங்கிலாந்து. மூன்றும் பிறந்தது செங்கோட்டையன் பலகையில்தான். வார்னிஷும் தலையில் அடிக்கும் பித்தளைத் தகடும்தான் வேறு. டார்லிங்டன் என்ற பேரை ராவுத்தர் ஏதோ ஓட்டை மெஷினின் முதுகிலிருந்து எடுத்தார் என்று ஊரில் பேச்சு. ஊர் என்னதான் பேசாது?

மாதிரி மட்டும் நிஜச் சீமை. மலைமேலிருந்து ஒரு துரையின் கிதார் கழுத்தொடிந்து பழுதுக்கு வந்திருந்தது. செங்கோட்டையன் வயிற்றுக்குள் பார்த்தான். பக்கம் ரெண்டும் உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளல். நடுவில் மட்டும் கழுத்திலிருந்து அடிவரைக்கும் ஒரு கட்டை ஓடியது.

"முழுசும் பொள்ளலா இருந்தா ரேடியோவுல மாட்டுனதும் ஊளையிடுதுங்க மொதலாளி. முழுசும் கட்டையா இருந்தாத் தூக்கறக்குக் காளைதான் வேணுங்க. வெள்ளைக்காரன் நடுவாந்தரமாப் போயிருக்கறான்" என்றான். அன்றிலிருந்து மீனாட்சிபுரமும் நடுவாந்தரமாகப் போனது, பலாக்கட்டை வைத்து.

இப்போது சாந்தன்பாறை எஸ்டேட் கிளப்புக்கு மூன்று டார்லிங்டன் வேண்டுமாம். பார்த்து வாங்க எஸ்டேட்டின் பெரிய கிளார்க் வெங்கிடேஸ்வர ஐயரே இன்றைக்கு வருகிறார். ராவுத்தர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இது கைவிட்டுப் போச்சுன்னா கொட்டகையப் புண்ணாக்குக் கடைக்காரனுக்கே விட்டுருவேன், பாத்துக்குங்க." நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது பொன்னாத்தாள் கடலைக்காட்டில் களை எடுத்தவள். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்ன விலை என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே ஜீப் சத்தம். ராட்டையைச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். செங்கோட்டையன் உளியை ஒளித்தான். இன்றைக்கு இருவரும் பெட்டி இறக்கும் கூலியாட்கள்.

ஐயர் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். புண்ணாக்கு வாசனை.

"ராவுத்தரே, நான் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரனாக்கும். கண்ணால பாக்காம கால்காசுச் சாமான் வாங்கமாட்டேன். எந்த ஃபேக்டரி? எத்தனை தரம்?"

ராவுத்தர் இங்கிலாந்தில் பிறந்தவர்போல ஆரம்பித்தார். "சாமி, மயில் நம்ம பிள்ளைங்க கத்துக்கிறதுக்கு. ராயல் கல்யாணக் கச்சேரிக்கு. டார்லிங்டன் துரைமாருக்கு. சீமையில ஆத்தங்கரையோரம் பெரிய ஃபேக்டரி, ஆயிரம் ஆளு. ஆணியடிச்சு வந்த பெட்டி, இன்னும் தொறக்கவே இல்ல."

"தொறங்கோ, பாப்போம்."

செங்கோட்டையன் முதல் ஆணியைப் பிடுங்கினான். அப்போதுதான் பொன்னாத்தாளுக்கு நினைவு வந்தது. நேற்று ஆயுத பூஜை. ராவுத்தர் ஊரில் இல்லை. உளி, ரம்பம், ராட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், புதுச்சாமானை மட்டும் மூளியாக அனுப்புவதா என்று மூன்று கிதாருக்கும் நெற்றி நிறைய வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் செங்கோட்டையன் ஆணியடித்தான்.

மூடி திறந்தது. வைக்கோலுக்குள் டார்லிங்டன் சிவப்பு வார்னிஷில் பளபளத்தது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். புதுப்பெண் கெட்டாள்.

"இதென்னவாக்கும்?" ஐயர் அதைத் தூக்கினார். உள்ளே கலகலவென்றது. கவிழ்த்து உலுக்கினார். ஓட்டை வழியாகப் பொரி கொட்டியது. பின்னாலேயே இரண்டு பொட்டுக்கடலையும்.

"ஏன் ஓய், இங்கிலாந்துல பொரிகடலை போட்டா பூஜை பண்றா?"

ராவுத்தர் குனிந்து பொரியைப் பொறுக்க ஆரம்பித்தார். சீமை, ஆத்தங்கரை, ஆயிரம் ஆள் எல்லாம் பொரியோடு சிதறிவிட்டன. செங்கோட்டையன் கையிலிருந்த ஆணியையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க சாமி," என்று பொன்னாத்தாள் முன்னால் வந்தாள். "நாந்தானுங்க. ஆயுத பூசையும் அதுவுமா ஊட்டுக்கு வந்த சாமானுக்குப் பொட்டு வெக்காம விடப்புடாதுன்னு, பெட்டியத் தொறந்து வெச்சுப்போட்டு மறுக்கா ஆணியடிச்சுட்டனுங்க. மொதலாளிக்குத் தெரியாதுங்க."

ஐயருக்கு முகம் தெளிந்தது. தெளிந்த கையோடு கோபமும் வந்தது. "சீமைச் சாமானைக் கண்ட கையால தொட்டியா? துரைமார் வாசிக்கறதாக்கும்!"

ராவுத்தருக்கு உயிர் திரும்பிவிட்டது. "அறிவுகெட்டவளே! கொச்சி வரைக்கும் கப்பல்ல வந்தத நீ பொரி போட்டு வளக்குறியா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே ஐயருக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். செங்கோட்டையன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினான்.

பொட்டைத் துடைத்து, புண்ணாக்குக் கடையிலிருந்து தூக்கிவந்த ரேடியோவில் கிதாரின் ஒயரை மாட்டினார்கள். ஐயரின் டிரைவர் கிளப்பில் வாசிப்பவன். ஒரு தட்டு தட்டினான். நாதம் ஊளையில்லாமல், நடுக்கமில்லாமல் கொட்டகையை நிறைத்தது. புண்ணாக்குக் கடை வாசலில் நின்ற எருமை தலையைத் திருப்பியது. பொன்னாத்தாளுக்குப் பாதத்திலிருந்து சிரிப்பு ஏறியது. அந்தச் சுருளைச் சுற்றிய அன்றைக்குக் கம்பி எத்தனை தடவை அறுந்து அழவைத்தது!

ஐயர் கண்ணை மூடித் தலையாட்டினார். "இதாக்கும் சீமை! நம்மவாளுக்கு இந்தக் கைப்பாங்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, கேட்டேளா. மூணையும் ஏத்துங்கோ."

"அப்படியே சாமி, அப்படியே" என்றார் ராவுத்தர்.

செங்கோட்டையன் அவள் காதருகே, "ஏனக்கா, அடுத்த வருசம் அவலும் போட்ருவமா?" என்றான்.

"வாய மூடு. கடலைக்காட்டுக்குப் போவோணுமா?" என்றாள். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

கிதாரைத் தூக்க அவள் குனிந்தபோது ஐயர் பதறினார். "நில்லு, நில்லு! வெறுங்கையால பிடிக்காதே. மறுபடி அழுக்காக்கப் போறே."

சாக்கைக் கிழித்து அவளுடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரைக்கும் சுற்றிக் கட்டச்சொன்னார். செங்கோட்டையன் கட்டிவிட்டான். விரல் ஒன்றும் வெளியே தெரியாமல், இரண்டு மூட்டை போலிருந்த கைகளால் டார்லிங்டனை அணைத்துத் தூக்கிக்கொண்டு பொன்னாத்தாள் ஜீப்பை நோக்கி நடந்தாள். சாக்கு எங்கேயாவது விலகுகிறதா என்று பார்த்தபடி ஐயர் ஜீப் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.