ஒரு கார்பன் குறைவு

என் தங்கை புருஷன் குடிப்பதில் சூரன், மற்ற எல்லாவற்றிலும் வெத்துவேட்டு. எசன்ஸ் கம்பெனியில் நான் கெமிஸ்ட், அவன் ஸ்டோர் கீப்பர். ஆல்கஹாலையும் அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் பழவாசனை அடிக்கும் எஸ்டர் வரும். அதுதான் எங்கள் பிழைப்பு. எத்தனால் கேனிலிருந்து தினம் கொஞ்சம் திருடிக் குடிப்பது அவன் பிழைப்பு.

லேபிள் இல்லாத கேன் வந்தால் அவன் தனியாக ஒரு சோதனை வைத்திருந்தான். சில சொட்டு எடுத்து, அசிட்டிக் அமிலமும் ஒரு துளி கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்கி மோந்து பார்ப்பான். பழவாசனை வந்தால் எத்தனாலாம். அட அறிவுகெட்டவனே, மெத்தனாலிலும் அது வரும். மெத்தனாலில் ஒரு கார்பன் குறைவு, அவ்வளவுதான். உடம்புக்குள் போனால்தான் வித்தியாசம் தெரியும். எத்தனால் வினிகரில் இருக்கும் அமிலமாக மாறும். மெத்தனால் பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்னும்.

அப்படி ஒரு கேனிலிருந்து நேற்றுச் சாயங்காலம் குடித்திருக்கிறான். இன்று மத்தியானம் தங்கை போன் செய்தாள். "கண்ணு முன்னாடி வெள்ளையா பனி மாதிரி இருக்குங்கிறாரு. நீ வாண்ணா."

உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். "ஆம்புலன்ஸ் அனுப்புறேன். அதுக்குள்ள பிராந்தியோ விஸ்கியோ குடுங்க. கல்லீரல் எத்தனாலத்தான் முதல்ல கவனிக்கும், அதுவரைக்கும் மெத்தனால் அமிலமா மாறாது. லேட் பண்ணா பார்வை போயிடும்," என்றார்.

குடிகாரனுக்குக் குடியே மருந்து. அவன் யோகத்தை நினைத்து வயிறெரிந்தபடி, தெருமுனைக் கடையில் பிராந்தி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். தங்கையிடம் விஷயத்தைச் சொல்லி பாட்டிலைக் கொடுத்தேன். அவள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. நேற்று வாங்கிய அடி.

"இதக் குடுக்கலேன்னா?"

"கண்ணு அவிஞ்சிடும்."

"உயிரு?"

"ஆஸ்பத்திரியில காப்பாத்திடுவாங்க."

அவள் சமையலறைக்குப் போய் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"மச்சான், வாசன வருதே, குடுங்க மச்சான்," என்று அவன் கட்டிலிலிருந்தே கெஞ்சினான்.

"என்னடி பண்ற?" என்றேன்.

"நான் எந்த மூலையில ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சுடுறாருண்ணா."

கடை பக்கத்தில்தான் இருந்தது. இன்னொரு பாட்டில் வாங்கக் காசும் இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

தங்கை கட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் அடித்தது.

"லைட்டப் போடுடி," என்றான்.

அவன் தடுமாறி எழுந்து கையை ஓங்கினான்.

"எங்கடி நிக்கிற?"

கை அலமாரியில் போய் மோதியது. அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை.