பஜார் கொடுத்த நற்சான்று

மூன்று நாளாகக் கோடைக்கானல் பஜாரில் ஏறி இறங்கியதில் ஷம்ஷாத்தின் செருப்புக்கே மூச்சு வாங்கியது. அவள் தம்பி இத்ரீஸ், கிளாவரை ரோட்டு வளைவில் காய்கறி வண்டியை வேகமாக ஓட்டிவந்து, பூண்டு மூட்டையோடு நின்ற சின்னக்கருப்பனை இடித்துக் காலை முறித்துவிட்டான். குற்றவாளிதான் என்று கோர்ட் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு தண்டனை என்பது மட்டும் பாக்கி. மூன்று வருடம் வரை போடலாம்.

"நல்ல பையன்னு நாலு பேர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கக்கா" என்றிருந்தாள் வக்கீல் ரோகிணி. "ஜட்ஜ் படிப்பாங்களான்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

நாலு பேரோடு நிறுத்தத் தெரிந்த ஊரா அது? மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் அந்தக் கடைவீதிக்கு ஒரே வழக்கம்தான். முழுக் குடிகாரனையும் சோடா குடித்தாலே மயங்கி விழுகிற பிள்ளையாக்கி நிக்காஹ் வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதே வாயோடு கோர்ட்டுக்கும் எழுதியது. பழக்கடைக்காரர் கணக்குப்படி, எறும்பு குறுக்கே வந்தால் இத்ரீஸ் வண்டியை நிறுத்தி, இறங்கி, சலாம் சொல்லி வழிவிடுவான். கம்பளிக் கடைக்காரர் கணக்குப்படி, அவன் பிறந்த வருடம்தான் ஏரியே நிரம்பியது. அத்தனை தாளிலும் தன் தம்பியைத் தேடித் தேடி ஷம்ஷாத் களைத்துப்போனாள். ஒழுங்காகப் பல்கூட விளக்காத பயல் அவன்.

டீக்கடை தமீம் அன்சாரி மட்டும் கவரை ஒட்டியே கொடுத்தார்.

"என்னண்ணே எழுதிருக்கீங்க?"

"அத ஜட்ஜ்தான் பிரிக்கணும், தங்கச்சி. அதுதான் மரியாதை."

கோர்ட்டில் ரோகிணிக்கும் அதைப் பிரிக்க நேரமில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டோடு கொடுத்தாள்.

நீதிபதி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க எறும்புக்கு வழிவிட்ட குற்றவாளிகளையே பார்த்துச் சலித்த முகம். ஒட்டிய கவரைப் பிரித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தமாக வாசித்தார்.

"'இத்ரீஸ் போல ஓட்டுநர் இந்த மலையிலேயே கிடையாது. எந்த மூடுபனியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான். ஒட்டன்சத்திரம் சந்தையில் லோடு இறக்கிவிட்டு, நான் போட்ட டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவான்.'"

கண்ணாடியைக் கழற்றினார். "டீ ஆறுறதுக்குள்ளயா?"

ரோகிணி கூரையில் எதையோ தேடினாள். கூண்டுக்குள் இத்ரீஸ் தலையைத் தொங்கப்போட்டான். ஷம்ஷாத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை.

நீதிபதி, கம்பை ஊன்றி நின்ற சின்னக்கருப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க எதுவும் சொல்லணுமா?"

"நான் என்னத்தங்க சொல்ல. வேகமாத்தான் வந்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா போட்டுட்டு ஓடலங்க. தூக்கிவச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டாந்தான். வழியெல்லாம் என்னையவிட அவந்தான் அழுதான். பூண்டு வெட்ட ஆளில்லாம அப்படியே காட்டுல கெடக்குதுங்க. அம்புட்டுத்தான்."

நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார். ஆறு மாதம் சிறை என்றார். அப்பீல் செய்ய ஒரு மாதம் அவகாசம். அதுவரை ஜாமீனில் வீட்டுக்குப் போகலாம்.

"மூணு வருஷம் போய் ஆறு மாசமாயிருச்சேக்கா" என்றாள் ரோகிணி படியில்.

"அந்தக் கடுதாசி இல்லாட்டி சும்மா விட்டிருப்பாங்களோ?"

"சின்னக்கருப்பன் பேச்சுல கொறஞ்சுச்சா, நம்ம கடுதாசில கூடுச்சா, யாருக்கு தெரியும்? ஜட்ஜ் சொல்லவா போறாங்க?"

வாசலில் சின்னக்கருப்பனிடம் ஷம்ஷாத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பஸ்ஸு போயிரும்மா" என்று அவர் மனைவி ராக்காயி அவரைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பஜாருக்குள் ஷம்ஷாத் நுழையும் முன்பே சேதி நுழைந்திருந்தது. பழக்கடைக்காரர், தண்டனையைக் குறைத்தது தன் எறும்புதான் என்றார். தமீம் அன்சாரி டீயை நீட்டிவிட்டு, காசு வாங்க மறுத்தார்.

"அம்புட்டு கடுதாசில என்னோடத மட்டும் வாசிச்சாகளாமே?"

ஷம்ஷாத் அவர் முகத்தைப் பார்த்தாள். பெருநாள் பிறை கண்டவர் போல் நின்றார் மனுஷன்.

"ஆமாண்ணே. ஒங்களோடத மட்டுந்தான்."

"பாத்தியா. அப்பீலுக்கு இதவிடப் பெருசா எழுதித் தாரேன், கவலைப்படாத."

அவள் டீயைக் குடித்தாள். அது ஆறிப்போய் இருந்தது.