குதிகாலில் ஒரு புடைப்பு

செலின் தன் அண்ணன் ஜெர்ரிக்கு இடது காலுறையை மாட்டிவிட்டாள். வலது காலுறை குதிகாலுக்கு மேல் ஏறவில்லை. பின்பக்கத் தசைநாரின் மேலிருந்த புடைப்பில் சிக்கி நின்றது. அவனுக்கு அது பல வருடமாக இருந்தது. ஷூ கடித்துக் காய்த்துப்போனது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தினமும் முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வரை ஓடிவிட்டு வருகிறவன் ஆயிற்றே.

நேற்றும் ஓடப் போனான். கடற்கரைச் சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மாலை போட வந்த எதிர்வீட்டு டாக்டர் நிர்மலாதேவி அந்தக் காலைப் பார்த்ததும் குனிந்தார். புடைப்பை விரலால் அழுத்தினார். மாட்டிய காலுறையையும் இறக்கிப் பார்த்தார். அங்கேயும் சின்னதாக ஒன்று இருந்தது.

"செலின், உங்க வீட்ல வேற யாராவது சின்ன வயசுல நெஞ்சுவலியில போயிருக்காங்களா?"

"அப்பா போனாரு. ஆனா அவரு குடிச்சுதான் செத்தாரு டாக்டர்."

டாக்டர் அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"கொழுப்பு தானா ரத்தத்துல ஓடாதும்மா. அதைச் சுமந்துட்டுப் போறதுக்குன்னே புரதம் இருக்கு. ஒடம்பெல்லாம் சுத்திட்டு மிச்சத்தோட வர்றதைக் கல்லீரல் உள்ள வாங்கிக்கணும். சில குடும்பத்துல பொறவியிலயே அது சரியா வாங்காது. ரத்தத்துலயே தங்கி இதயக் குழாயில படிஞ்சுடும். குதிகால் தசைநார்லயும் இப்படிக் கட்டிக்கும். பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"அண்ணன் கறி மீனே தொடமாட்டான். நான்தான் வறுத்ததும் பொரிச்சதுமா தின்னுட்டுக் கெடக்கேன். எனக்கில்ல வந்திருக்கணும்?"

"இது சாப்பாட்டால மட்டும் வர்றதில்ல. உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீயும் ஜெர்ரி பொண்ணும் ரத்தம் குடுத்துப் பார்த்துடுங்க. மாத்திரையில கட்டுப்படுத்திடலாம்."

செலின் தலையாட்டினாள். கூடத்தில் அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது, என்னவென்று சொல்வது?

திரும்பினால் கதவோரம் அம்மா இருதயமேரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"அப்ப உங்கப்பன் குடிச்சு சாவலயா?"

"தெரியலம்மா. டாக்டரும் அப்படிச் சொல்லல."

"எங்கிட்டயிருந்தா வந்துது?"

"உனக்கு எழுபது ஆவுது. நல்லாத்தான இருக்க."

குடிகாரன் நட்டாற்றில் விட்டுட்டுப் போனான் என்று அம்மா திட்டுவதைக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதனாலேயே ஜெர்ரி ஒரு கல்யாண வீட்டில்கூட கிளாஸைத் தொட்டதில்லை. தொடாதவனும் போய்விட்டான். யார்மேல் கோபப்படுவதென்றே செலினுக்குப் புரியவில்லை.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பெட்டி இறங்கியது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அம்மாவும் குனிந்து அள்ளினாள். ஆனால் போடவில்லை. மண்ணோடு திரும்பி, வேப்பமரத்தடியில் காரை பெயர்ந்து கிடந்த கல்லறையை நோக்கி நடந்தாள். புருஷனைப் புதைத்ததிலிருந்து அவள் எட்டிப் பார்க்காத இடம்.

"அம்மா, ஜெர்ரி இங்க இருக்கான்" என்று சொல்ல செலின் வாயெடுத்தாள். பிறகு அம்மாவின் பின்னாலேயே போனாள்.

அம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள். மூடிய கையிலிருந்து விரலிடுக்கு வழியாக மண் சேலைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது.