தெரு சுற்றிய தகர டின்

வாயாடி என்றால் அந்தத் தெருவில் ஒருத்திதான். செங்கல் சூளையில் கல் சுமப்பவள். முதலாளியையே வாய் திறக்க விடமாட்டாள். ஆனால் வீட்டில் சோளம் இல்லை என்கிற பேச்சு மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

சோளம் விலை ஏறிக்கொண்டே போனது. கூலி மட்டும் அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. சாப்பாடு கஞ்சியாகி, கஞ்சியும் நாளாக நாளாகத் தண்ணீராகிக்கொண்டு வந்தது. ஒருவழியாக அரசாங்கத்துக்குக் காது கேட்டது. தானியம் இல்லாத வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை இலவசம். அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுதுவார் என்றார்கள்.

வந்து பார்க்கட்டும் என்று இருந்திருக்கலாம். இருப்பார்களா? ஊர் பேர் தெரியாத மனுஷன் அடுப்படியில் நின்று காலிச் சோள டின்னைப் பார்ப்பதா! தெருக்கோடிக் குத்தகைக்காரர் வீட்டில் விதைக்கென்று வைத்திருந்த சோளம், பக்கம் ஒடுங்கிய ஒரு டின் நிறைய இருந்தது. அதிகாரி முன்வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், அந்த டின் கொல்லைப்புறமாக அந்தந்த வீட்டுக்குள் போய்விடும். நாம் ஏழை என்று அவருக்குத் தெரியாதா, மூட்டை எப்படியும் வரும் என்று எல்லோருக்கும் நினைப்பு.

பக்கத்து வீட்டில் அதிகாரி சொன்னது வாயாடிக்குச் சுவர் தாண்டிக் கேட்டது.

"உங்களுக்குத்தான் டின் நிறைய இருக்கேம்மா. மூட்டை எதுக்கு?"

அப்படியானால் தன் வீட்டுக்கும் மூட்டை வராது. காலையில்தான் சின்ன மகள் தலைசுற்றி விழுந்திருந்தாள். மூட்டை வந்தால்தான் பிள்ளை எழுந்து நடக்கும். அதற்குள் டின் கொல்லை வழியாக வந்துவிட்டது. அவள் அதை வெளியிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதிகாரி உள்ளே வந்தார். தன் டின்னைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள்.

"சோளம் இல்ல சார்." என்றாள்.

"தெருவுலயே உங்க வீட்ல மட்டும்தான் இல்லையா?"

தலையாட்டியிருந்தால் அவள் மூட்டை அவளுக்கு. மனசு கேட்கவில்லை. கொல்லையிலிருந்து அந்த ஒடுங்கிய டின்னைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதை எங்கயாவது பாத்திருக்கீங்களா சார்?"

அவர் டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுதியிருந்த தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"எந்தெந்த வீட்டுக்கும்மா போச்சு?"

"வீட்டைக் கேக்காதீங்க சார். தெரு முழுசையும் எழுதுங்க."

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தாள். "அடிப்பாவி, மானத்தை வாங்கிட்டியேடி!" என்று கத்தினாள். திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். திட்டிக்கொண்டே வந்து, தன் காலி டின்னையும் அவர் முன்னால் வைத்தாள்.