மூன்றாவது பாட்டு

"அதை உள்ள கொண்டுவராதீங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று வாசலில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்து நின்றாள் மகள்.

சலூன்காரரும் பஸ் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தது வாஷிங் மெஷினின் உள் டிரம். ஓட்டை ஓட்டையாக, பளபளவென்று, ஓர் ஆட்டுக்குட்டி உட்காரும் அளவுக்கு இருந்தது. பின்னால் கிளாரினெட் பெட்டியையும் கிட்டாரையும் சுமந்தபடி நர்ஸ் வந்தாள். ஹாலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் அலுவலகத்திலிருந்து மேலாளரும் நான்கு பேரும் மாலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் இந்தத் தகர டப்பாவா? மானம் கப்பலேற வேறென்ன வேண்டும்!

"விடும்மா," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது அவரோடது. வரட்டும்."

அப்பா வாஷிங் மெஷின் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் ஊரார் துணி சுற்றும் சத்தத்தைக் கேட்டவர், அறுபது வயதுக்கு மேல் திடீரென்று மெஷின் டிரம்மைத் தட்ட ஆரம்பித்தார். சலூன்காரரிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. டிரைவருக்குக் கிளாரினெட் வரும். நர்ஸுக்குப் பாட வரும். ஒர்க்‌ஷாப்பில், பிரித்துப் போட்ட மெஷின்களுக்கு நடுவே நாலு பேரும் கூடினார்கள். குழுவுக்கு 'உதிரி பாகம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பமும் இந்த வருடம் வந்துவிட்டது. தாலாட்டாகத் தொடங்கும் பாட்டு நடுவில் ராக்காக உறுமும், கல்யாண பேண்டாகக் கூத்தடித்து ஒப்பாரியில் போய் முடியும். 'எல்லாத் துணியையும் ஒண்ணாப் போட்டா சாயம் ஒட்டத்தானே செய்யும்' என்று ரேடியோவில் ஒருவன் கிண்டலடித்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அப்பாதான்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி போனை நீட்டி, "இந்த வாஷிங் மெஷின் தாத்தாவப் பாரேன், செம காமெடி" என்றபோது மட்டும் சிரித்தாள். அது என் அப்பா என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்து இருக்கைக்காரி இப்போது ஹாலில்தான் இருந்தாள். போனில் பார்த்த முகத்தையும் படுத்திருந்த முகத்தையும் பொருத்திப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரம்மை அப்பாவின் கால்மாட்டில் இறக்கி வைத்தார்கள். சலூன்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பாப்பா, வண்டி வர்றதுக்குள்ள ஒரு பாட்டு வாசிச்சிடறோம். மூணாவது பாட்டு. உனக்குப் பிடிச்சது."

அவள் வாசலில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆல்பத்தின் சிடியை அப்பா அவள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தார், நகக்கண்ணில் கிரீஸோடு. அவள் அதை வாங்கிக் காரில் போட்டாள். இன்றுவரை உறைகூடப் பிரிக்கவில்லை. அப்பாவும் விடவில்லை, கேட்டியாம்மா, கேட்டியாம்மா என்று போன் போட்டபடியே இருந்தார். ஒருநாள் மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில், "கேட்டேம்பா, சூப்பர்" என்றாள். எது பிடிச்சுதும்மா என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "மூணாவது. எழுந்து ஆடணும்போல இருந்துச்சுப்பா."

"மூணாவதா?" என்றார். பிறகு, "சரிம்மா, சரி" என்று வைத்துவிட்டார். பூரித்துப்போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"மூணாவது பாட்டு இவ எழுதினது," என்று சலூன்காரர் நர்ஸைக் காட்டினார். "இவ வார்டுல ஒருத்தர் கேக்க நாதியில்லாமச் செத்துப்போனாரு. அவருக்காக. அதுல தாளமே கிடையாது, உங்கப்பா சும்மா டிரம்மைத் தடவிக்கிட்டிருப்பாரு, அவ்வளவுதான். நீ ஆடணும்போல இருக்குன்னு சொன்னியா... எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு!"

"பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும், விடுய்யான்னு நான்கூடச் சொன்னேன்," என்றார் டிரைவர். "கேட்டாரா? 'நம்ம காதுக்கு எட்டாதது எம்பொண்ணு காதுல விழுந்திருக்கு. அவளுக்குக் கேட்ட மாதிரி வாசிக்கணும்'னு ஒத்தக்கால்ல நின்னாரு. தினமும் வந்து உக்காந்துருவாரு. ஒரு தாளம் போடுவாரு, 'இது இல்ல, அவ கேட்டது இது இல்ல'ம்பாரு. மறுபடி முதல்லேருந்து."

"டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு, அலையாதீங்க, படுத்து ரெஸ்ட் எடுங்கன்னு," என்றாள் அம்மா. "நேத்துகூட அங்கதான் போயிட்டு வந்தாரு. வந்தவரு, தண்ணி குடுன்னு சாஞ்சாரு."

தேள் கொட்டிய திருடனைப்போல நின்றாள் அவள். கத்தவும் முடியாது, அழவும் முடியாது. அவமானம் காது மடலில் சுட்டது.

"கடைசிவரைக்கும் அவருக்குப் பிடிபடல பாப்பா," என்று சலூன்காரர் அவள் கையைப் பிடித்து டிரம்மிடம் அழைத்துப் போனார். "எப்படிக் கேட்டுச்சுன்னு உனக்குத்தானே தெரியும்? கொஞ்சம் தட்டிக் காட்டு. நாங்க பிடிச்சுக்கறோம்."

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸும் அவளைப் பார்த்தாள். நான் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை அக்கா. நாக்கு நுனியில் நின்றது. ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் கண் காய்ந்திருந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு பெருமை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மண்டியிட்டு உட்கார்ந்து தட்டினாள். என்ன தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "அய்யோ... இதுதான்யா! இதைத்தான்யா மனுஷன் தேடித் தேடி மாஞ்சாரு!" கிட்டார் சேர்ந்துகொண்டது. டிரைவர் அழுதுகொண்டே கிளாரினெட்டை வாயில் வைத்தார். அந்தப் புளுகின் மேல் இருவரும் ஏறி நின்றார்கள். புலி வாலைப் பிடித்தவளால் விட முடியுமா? கை நிற்கவில்லை.

நர்ஸ் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு பாடினாள்:

*கூப்பிட்ட குரலுக்கு யாரும் வரல,*
*கூப்பிட்டது போதும், நீ தூங்கு.*

அந்த வரிகளை மகள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. நான்கு பேர் குனிந்து அப்பாவைத் தூக்கினார்கள். மேலாளர் எழுந்து வழிவிட்டார். பக்கத்தில் நின்றவர்களிடம், "எம்பொண்ணு போட்ட தாளம்" என்றாள் அம்மா. பிறகு வந்து மகளின் தோளைத் தொட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா அடிம்மா. வாசல் வரைக்கும் அப்பாவுக்குக் கேக்கட்டும்."

அவள் இன்னும் சத்தமாக அடித்தாள்.