இறந்ததாகக் கருதப்படுபவர்

வக்கீல் அந்த ஆங்கில வாக்கியத்தை இரண்டாம் முறை படித்தபோது மாமியார் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த ஒரு வார்த்தை, தம்பி. டீம், டீம்னு என்னவோ வருதே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"கருதுறதும்மா. உங்க பையன் இறந்துட்டதா கோர்ட் கருதும்."

"கருதும்னா? சும்மா நினைக்குதா, இல்ல தெரிஞ்சு சொல்லுதா?"

மருமகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மருந்து அட்டைகள் அச்சடிக்கும் அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்ப்பது அவள் வேலை. அந்த வார்த்தைக்கு என்றைக்கோ அகராதியில் அர்த்தம் பார்த்துவிட்டாள். எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கணவன் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலை, நடுக்கடலில், கப்பலில் அவன் இல்லை. அவ்வளவுதான் செய்தி. உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. மகளின் பாஸ்போர்ட்டுக்கு அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்கும் ஜன்னல்களில் திருதிருவென்று விழித்து நிற்பவள். கோர்ட் உத்தரவு வந்தால் அவள் கையெழுத்தே போதும். அவனைப் பெற்றவள் ஆட்சேபம் இல்லையென்று எழுதிக் கொடுத்தால் வழக்கு இழுக்காது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் இல்லம்மா. தெரிஞ்சா அந்த வார்த்தையே வேண்டாம், செத்துட்டார்னு நேரா எழுதிடலாம். தெரியாததாலதான் டீம் பண்றது. இனிமே இப்படித்தான்னு வச்சுக்கிட்டு எல்லாரும் நடந்துக்கணும்."

"நாளைக்கே அவன் வந்து கதவைத் தட்டினா?"

"உத்தரவை ரத்து பண்ணிடலாம்."

"அதுவரைக்கும் உசிரோட இருக்கிறவன் பொணம். நல்லா இருக்கு உங்க இங்கிலீஷு." மாமியாரின் பார்வை மருமகள் பக்கம் திரும்பியது. "மகராசிக்கு என்ன அவசரமோ. அச்சாபீஸ் மிஷின்காரன் காத்துக்கிட்டிருக்கானா?"

"அத்தை, வாயை அடக்கிப் பேசுங்க. அந்த ஆளுக்குப் பேரன் பேத்தி இருக்கு."

"நான் அவன் வயசையா கேட்டேன்?"

வக்கீல் இருமினார். மாமியார் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"என் பேத்திக்காகப் போடறேன். இவ மூஞ்சிக்காக இல்ல. ஆமா, இந்த டீமை யார் வேணா பண்ணலாமா?"

"அதிகாரம் இருக்கிறவங்கதான் பண்ண முடியும்."

"என் வீட்டுல எனக்குத்தான் அதிகாரம்." அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என் பிள்ளையைக் கொல்ல வந்த இவளும் இன்னியிலிருந்து செத்தவ. அப்படித்தான்னு வச்சுக்கிட்டு நடந்துக்குவேன்."

சொன்னபடியே நடந்தாள். பஸ்ஸில் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனவள், பின்னால் ஒருத்தி வருகிறாள் என்ற நினைப்பே இல்லாதவள்போல் சாத்தினாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்று மாமியாருக்கு, ஒன்று பேத்திக்கு. மூன்றாவது, மகனின் நீல விளிம்புத் தட்டு. அவன் போனதிலிருந்து தினமும் அதை அவன் இடத்தில் வைப்பாள் தாய். யாரும் சாப்பிடாத அந்தத் தட்டைத் தினமும் கழுவி வைத்தவள் மருமகள். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அம்மாவுக்குத் தட்டு, பாட்டி?" என்றாள் பேத்தி.

"யாருக்கு?"

மருமகள் கணவனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீல விளிம்புத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! அது அவன் தட்டுடி! எடுடி கையை!"

"செத்தவகிட்ட என்ன பேச்சு, அத்தை?"

மருமகள் சாப்பிட்டாள். மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள்.

பிறகு எழுந்து கை கழுவப் போனாள். தட்டை எச்சிலோடு அப்படியே மாமியார் முன்னால் விட்டுவிட்டாள்.